நிமிடம் இருக்கிறது, வருடம்தான் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் வாசகர் பகுதியில் ஒரு தங்கச்சி கடிதம் எழுதியிருந்தார். பலதுறை மருந்தகத்திலும் காப்பிக்கடையிலும் பேருந்திலும் முதலில் எரிந்து விழுகிறவர்கள் பெரியவர்கள்தான், வயது ஏற ஏறப் பொறுமையும் ஏறும் என்று வீட்டில் சொல்லிக்கொடுத்தது என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. 1952இல் நேவல் பேஸ் என்ற கடற்படைத் தளக் குடியிருப்பில் பிறந்தவன். 1950களில் பிறந்ததால் அரசாங்கக் கணக்குப்படி மெர்டேக்கா தலைமுறை. 1979 முதல் 2019 வரை நாற்பது வருடம் சிங்கப்பூரில் பேருந்து ஓட்டினேன். இப்போது ஈசூனில் பேருந்துக்குக் காத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதம் நீளமாகத்தான் வரும். இடமில்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள், வருத்தப்பட மாட்டேன். அந்த ஆப்பேக் கதையில் மட்டும் கை வைக்காதீர்கள்.

ஆப்பேக் கதை இதுதான். எண்பதுகளின் நடுவில் நடந்தது. அப்போது தட்டுகிற அட்டை கிடையாது. காந்தப் பட்டை அட்டையே 1990இல்தான் வந்தது, ஈஸி-லிங்க் 2002இல். அதுவரைக்கும் சில்லறைதான். ஓட்டுநர் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கும், அதில் கட்டணத்தைச் சரியாகப் போட வேண்டும், மீதி கிடைக்காது. கண்டக்டர்களை ஒவ்வொரு வழித்தடமாக எடுத்துவிட்டதால் கதவு, காசு, சண்டை எல்லாமே ஓட்டுநர் தலையில். ஒரு நாள் காலை ஏழு மணி, அப்பர் தாம்சன் ரோடு, நல்ல மழை. எண்பது வயதிருக்கும் ஒரு சீனத் தாத்தா ஏறினார். மலாயில் ஆப்பேக் என்போமே, அப்படி ஒருவர். கைக்குட்டையின் மூலையில் முடிச்சுப் போட்டுக் காசு வைத்திருந்தார். முடிச்சை அவிழ்க்கவே அரை நிமிடம். அப்புறம் பத்து காசு நாணயங்களை ஒவ்வொன்றாக, சிட், நோ, சா என்று ஹொக்கியனில் எண்ணிப் போடுகிறார். அவருக்குப் பின்னால் பத்துப் பேர் மழையில் நிற்கிறார்கள். நான் ஏற்கெனவே மூன்று நிமிடம் தாமதம்.

"செபாட் லா, ஆப்பேக்!" என்று கத்தினேன். சீக்கிரம் என்று மலாயில்.

அவருக்குக் கை உதறிவிட்டது. கைக்குட்டையிலிருந்த காசெல்லாம் படியில் சிதறி, இரண்டு மூன்று ரோட்டுக்கே உருண்டு போயின. பள்ளிக்கூடப் பிள்ளைகள் குனிந்து பொறுக்கிக் கொடுத்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு வந்ததோ இன்னும் கோபம். காசு வேண்டாம், உள்ளே போங்கள் என்று கையைக் காட்டினேன். அவர் போகவில்லை. திரும்ப முதலிலிருந்து எண்ணி, முழுக் கட்டணத்தையும் போட்டுவிட்டுத்தான் உள்ளே போனார். இதோடு முடிந்திருந்தால் மறந்திருப்பேன். இறங்கும் நிறுத்தம் வந்ததும் பின்கதவுக்குப் போகாமல், கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தார். பெட்டியில் இன்னொரு பத்து காசு போட்டார். ஒன்று குறைவாகப் போட்டுவிட்டோம் என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்திருக்கிறார் போல. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இறங்கிப் போய்விட்டார்.

அந்தக் காசு பெட்டிக்குள் விழுந்த சத்தம் எனக்கு ஞாபகம் இருக்கிறது என்று சொன்னால் சினிமா மாதிரி இருக்கும். சத்தம் ஞாபகமில்லை. அவருடைய கட்டை விரல் நகம் மஞ்சளாக, தடிப்பாக இருந்தது. அதுதான் நிற்கிறது. இப்போது என் நகமும் அப்படித்தான் இருக்கிறது.

ஏன் கத்தினேன் என்பதையும் சொல்ல வேண்டும், தங்கச்சியின் கேள்விக்கு அதுதான் பாதிப் பதில். எங்களுக்கு டைம்ஷீட் என்று ஒன்று உண்டு. முனையத்தை எத்தனை மணிக்குத் தொட வேண்டும், எத்தனை மணிக்குத் திரும்பக் கிளம்ப வேண்டும் என்று அதில் இருக்கும். வழியில் தாமதமானால் கிளம்பும் நேரத்தைத் தள்ளிவைக்க முடியாது, என் ஓய்வு நேரம்தான் குறையும். அந்த ஏழெட்டு நிமிடத்தில்தான் கழிப்பறை, ஒரு தே சி என்கிற பால் தேநீர், ஒரு சிகரெட் (விட்டுவிட்டேன், 1998இல்). ஆப்பேக் எண்ணிய ஒவ்வொரு காசும் என் தே சியிலிருந்து கழிந்துகொண்டிருந்தது. என் பொறுமை அந்தக் காலத்தில் என்னிடம் இல்லை, முனையத்துக் கடிகாரத்திடம் இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், நான் வேலைக்குச் சேர்ந்த அதே 1979இல்தான் நாடு முழுக்க மரியாதைப் பிரசாரம் தொடங்கியது. லீ குவான் இயூவே தொடங்கி வைத்தார். 1982இல் சிங்கா என்ற சிங்கக்குட்டி வந்தது. என் இருக்கைக்குப் பின்னால் ஒட்டிய போஸ்டரில் சிங்கா சிரித்துக்கொண்டிருக்கும். முன்னால் நான்.

ஆனால் அப்போதும் எனக்குப் பொறுமையே இல்லை என்று சொல்ல முடியாது. நிறைய இருந்தது, வேறு ஆட்களிடம். கோட்டும் டையுமாக ஏறி, கட்டணத்துக்கு வாதாடுகிறவரிடம் சிரித்துக்கொண்டே பேசுவேன், புகார் எழுதிவிடுவார் என்ற பயம். மேலதிகாரி கண்டபடி பேசினால் தலையாட்டுவேன். கல்யாண வீட்டில் சொந்தக்காரர் மூன்று மணி நேரம் சுயபுராணம் பாடினாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். மெதுவாக ஏறுகிறவர், வழி தெரியாதவர், பாஷை தெரியாதவர், இவர்களைத்தான் தாஹான் பண்ண, அதாவது பொறுத்துக்கொள்ள, முடியாது. யார்மேல் கோபப்பட்டால் செலவு இல்லையோ அவர்கள்மேல் கோபப்பட்டிருக்கிறேன். அவ்வளவுதான்.

இப்போது அது அப்படியே தலைகீழாகிவிட்டது. மெதுவான ஆளைப் பார்த்தால் எனக்கு ஒன்றுமே ஆவதில்லை. 2006இல் சக்கர நாற்காலி ஏறும் பேருந்துகள் வந்தன. ஓட்டுநர் கீழே இறங்கிப் போய், பலகையைக் கையால் விரித்து, நாற்காலியைத் தள்ளி ஏற்றி, பூட்டிவிட்டுத் திரும்ப வர வேண்டும். முதல் முறை செய்தபோது எனக்கு 54 வயது, வாயில் முணுமுணுப்பு. கடைசி வருடங்களில் அதுதான் நாளில் எனக்குப் பிடித்த வேலையாக இருந்தது. நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறவனுக்குக் காலை நீட்ட ஒரு சாக்கு என்றும் சொல்லலாம்.

என் மகள் தாதியாக வேலை பார்க்கிறாள். இதைப் பற்றிப் பேசியபோது, அமெரிக்காவில் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்து உளவியல் பேராசிரியர் லாரா கார்ஸ்டென்சன் என்பவர் பல வருடமாக இதைத்தான் ஆராய்கிறார் என்றாள். மிச்சமிருக்கும் காலம் கொஞ்சம்தான் என்று மனசுக்குத் தோன்ற ஆரம்பித்தால், மனிதர்கள் புதுப்புது ஆட்களைத் தேடுவதை நிறுத்திவிட்டு, வேண்டிய நாலு பேரோடு மட்டும் இருக்கப் பார்க்கிறார்களாம். வயதானவர்கள் மட்டுமல்ல, கடும் நோயில் இருக்கும் இளைஞர்களும் அப்படித்தானாம். இதைக் கண்டுபிடிக்க ஸ்டான்ஃபர்ட் வரைக்கும் போக வேண்டுமா, என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே என்றேன். "பாருங்கப்பா, பாதியிலேயே வெட்டுறீங்க" என்றாள்.

சரி, அவள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஆனால் என் அனுபவத்தில் இன்னொரு முடிச்சும் உண்டு. நிமிடக் கணக்கில் நான் இப்போது பணக்காரன். காலை ஆறு மணிக்கு எழுந்தால் இரவு பத்து வரைக்கும் எனக்கு டைம்ஷீட் இல்லை. வருடக் கணக்கில்தான் ஏழை. அதனால் என் நிமிடங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், சில்லறைதானே. பக்கத்தில் உட்கார்ந்து என் வருடங்களைத் தின்கிறவர்களைத்தான் பார்த்தாலே எழுந்துவிடத் தோன்றுகிறது.

எழுந்தும்விட்டேன். போன வருடம் ஒரு கல்யாணம். என் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர், எந்த விசேஷத்திலும் என்னைத்தான் பிடிப்பார். மூன்று வீடு, எந்த வருடம் என்ன விலைக்கு வாங்கினார், இன்றைக்கு என்ன விலை, மகன் பெர்த்தில் எத்தனை படுக்கையறை வீட்டில் இருக்கிறான். முப்பது வருடமாக இதே பாட்டு, விலை மட்டும் மாறும். அன்றைக்கு இரண்டாவது வீட்டின் வாடகைக்கு வந்தபோது, "அண்ணே, நீங்க நல்லா இருக்கணும், நான் போய்ச் சாப்பிடுறேன்" என்று எழுந்துவிட்டேன். வாக்கியம்கூட முடியவில்லை. என் மனைவி வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தாள். "முப்பது வருஷம் கேட்டீங்க, இன்னும் முப்பது நிமிஷம் கேட்டா என்னங்க குறைஞ்சு போயிடும்?" முப்பது வருடம் கேட்டதால்தான் என்றேன். அதற்கப்புறம் அண்ணன் என்னோடு பேசுவதில்லை. அந்த மூன்று வீட்டில் ஒன்றில் அவர் தனியாகத்தான் இருக்கிறார், அண்ணி போய் நாலு வருடம் ஆகிறது. எனக்கு இது நிம்மதியா வருத்தமா என்று இன்னும் பிடிபடவில்லை. தொலைபேசியை இரண்டு தடவை கையில் எடுத்து வைத்துவிட்டேன்.

காப்பிக்கடையில் எரிந்து விழுகிற கிழவர்களில் நானும் ஒருவன், மறைக்கவில்லை. தட்டைத் திருப்பி வைக்கும் சட்டம் 2021 செப்டம்பரில் உணவங்காடிகளில் நடைமுறைக்கு வந்தது, தெரியும் உங்களுக்கு. ஒரு நாள் மதியம், ஐம்பது வயதிருக்கும் ஒருவர் தன் மேசையில் யாரோ விட்டுப்போன தட்டுக்காக, மேசை துடைக்கும் பெரியவரைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். துடைக்கிறவருக்கு என்னைவிட வயது கூட இருக்கும். துணியை மடித்து மடித்து மெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் என் தே சியைத் தூக்கிக்கொண்டு போய் அந்த ஐம்பது வயதுக்காரர் எதிரே உட்கார்ந்து, "உங்களுக்கு என்ன அவசரம், பஸ் ஓட்டணுமா?" என்று கேட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அன்றைக்கு என் மனைவி என்னோடு வரவில்லை, நல்லதாய்ப் போயிற்று.

இன்னொரு வகை ஆட்கள் இருக்கிறார்கள், இவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. என்னிடம் பொறுமையாக இருப்பதை எனக்கே காட்டுகிறவர்கள். சந்தையில் சிடிசி பற்றுச்சீட்டில், அதாவது அரசாங்கம் வீடுகளுக்குக் கொடுக்கும் மின்னிலக்கப் பற்றுச்சீட்டில், கீரை வாங்கப் போனேன். குறுஞ்செய்தியில் வந்த இணைப்பைத் திறந்து, இரண்டு வெள்ளியா ஐந்து வெள்ளியா என்று தேர்ந்தெடுத்து, திரையில் வரும் கியூஆர் கட்டத்தைக் கடைக்காரரிடம் காட்ட வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு தேடிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற பையன், தமிழ்ப் பையன்தான், "அங்கிள்... நீங்க... இங்க... அமுக்குங்க..." என்றான். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு பேருந்தே போகலாம். குரல் வேறு லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா வரைக்கும் கேட்டிருக்கும். நல்ல பிள்ளை, நல்ல எண்ணம்தான். ஆனால் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! அவன் எரிந்து விழுந்திருந்தால்கூட அவ்வளவு வந்திருக்காது. நான் கத்தியபோது ஆப்பேக்குக்கு எப்படி இருந்ததோ தெரியாது. நான் இப்படி இழுத்து இழுத்துப் பேசியிருந்தால் காசை என் முகத்திலேயே எறிந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

கடைக்காரம்மா ஒன்றும் பேசவில்லை. கீரையைக் கட்டிக்கொண்டே அடுத்த ஆளுக்கு வெண்டைக்காய் நிறுத்துப் போட்டார், நான் முன்னால் நிற்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அந்த இடைவெளியில் நான் கட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டேன்.

இதில் அரசாங்கத்தையும் ஒரு விஷயத்துக்குப் பாராட்ட வேண்டும். சாலை கடக்கும் இடத்தில் சில கம்பங்களில் முதியோர் சலுகை அட்டையைத் தட்டினால் பச்சை மனிதன் கூடுதல் நேரம் நிற்பான். 2009இல் சோதனையாகத் தொடங்கிய ஏற்பாடு. சாலையின் அகலத்தைப் பொறுத்து மூன்று வினாடி முதல் பதின்மூன்று வினாடி வரை. எனக்குப் பிடித்தது என்னவென்றால், அந்தக் கம்பம் என்னைப் பார்த்துச் சிரிப்பதில்லை, "மெதுவா வாங்க அங்கிள்" என்று சொல்வதில்லை. தட்டினேன், கொடுத்தது, கடந்தேன். நிற்கிற கார்க்காரருக்குக்கூட ஏன் நிற்கிறோம் என்று தெரியாது. எல்லாக் கடவையிலும் இந்த வசதி இல்லை, அதைக் கொஞ்சம் பெருக்கினால் நல்லது. 2030இல் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65ஐ எட்டியிருப்பார் என்று அவர்களேதான் சொல்கிறார்கள்.

தங்கச்சி மருந்தகத்தைப் பற்றிக் கேட்டதற்கும் ஒரு வார்த்தை. காலை எட்டு மணிக்கு அங்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களில் பாதிப் பேர் முதல் நாள் இரவு பத்து மணிக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாதவர்கள். ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருப்பார்கள். காப்பிகூடக் கிடையாது. நாற்பது வருடம் ஆறு மணிக்குக் காப்பி குடித்த உடம்பு அது. கழிப்பறைக்குப் போனால் நம் எண் வந்து போய்விடுமோ என்று அடக்கிக்கொண்டு இருப்பார்கள். காது சரியாகக் கேட்காததால் கூப்பிட்டது புரிந்திருக்காது. நானே ஒரு நாள் ஒரு மருந்தகத்து முகப்பில், பெயரைத் தப்பாகப் படித்தார் என்று ஒரு பெண்ணிடம் கத்திவிட்டேன். சாப்பிட்டுவிட்டு வந்து மன்னிப்புக் கேட்கப் போனால், அவருக்கு நான் யாரென்றே ஞாபகமில்லை. அன்று காலையில் எத்தனை பேர் கத்தினார்களோ.

ஓட்டுநராக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்குப் பிடிக்காது. ஊரிலிருந்து வந்து கட்டுமான வேலை செய்கிற தம்பிகள் கூட்டமாக நிறுத்தத்தில் நிற்பார்கள். ஒவ்வொருவராக "அண்ணே, தேக்கா போகுமா?" என்பார்கள். முன்னால் நின்றவரிடம் சொன்ன பதில் பின்னால் நிற்கிறவருக்குக் கேட்டிருக்காதா என்று எரிச்சல். எழுதித்தானே இருக்கிறது என்று முறைப்பேன். போன மாதம் ஈசூன் முனையத்தில் புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் அதே கேள்வியைக் கேட்டார். எனக்கு ஒரே சந்தோஷம். எந்த எண், எங்கே மாற வேண்டும், ரயிலில் போனால் எத்தனை நிமிடம் மிச்சம், முன்பு அந்தப் பேருந்து எந்த வழியாகப் போகும், எந்த வருடம் வழியை மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள், எல்லாம் சொன்னேன். இருபது நிமிடம் ஆகியிருக்கும். அவர் ஏற வேண்டிய பேருந்து ஒன்று வந்து போயே விட்டது. "சரிங்கண்ணே, சரிங்கண்ணே" என்று நின்றுகொண்டிருந்தார். யாருடைய வருடத்தை யார் தின்றது என்று வீட்டுக்கு வந்துதான் யோசித்தேன். மூன்று வீட்டு அண்ணன் ஞாபகம் வந்தது.

மணி மூன்றரை ஆகப் போகிறது, இதோடு நிறுத்துகிறேன். நாலு மணிக்கு எங்கள் புளோக் கீழே காப்பிக்கடையில் ஒரு பழைய சிநேகிதர் காத்திருப்பார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். நேவல் பேஸில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தவர், கப்பல் பட்டறையில் வேலை பழகியவர். 1968இல் வெள்ளைக்காரன் பட்டறையைச் சிங்கப்பூரிடம் ஒப்படைத்த நாளைப் பற்றி தினமும் சொல்வார். முன்பெல்லாம் குறுக்கே பேசித் திருத்துவேன், நேற்று வேறு மாதிரி சொன்னீர்களே என்று மடக்குவேன். சில நாள் அவர் கதையில் நல்ல மழை, எல்லோரும் கொட்டகையில் ஒதுங்கி நிற்பார்கள். சில நாள் மண்டையைப் பிளக்கும் வெயில். அவர் மகளுக்கும் இந்த மாற்றம் தெரியும், மருத்துவரிடம் கூட்டிப்போயிருக்கிறாள். இன்றைக்கு மழையா வெயிலா என்று போனால்தான் தெரியும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்,
ஈசூன்.